ஒரே ஒரு தடவை கட்டிய பட்டுப்புடவைக்கு ஆன்லைனில் ஏன் பாதி விலைகூடக் கிடைப்பதில்லை?

மறுவிற்பனை விலை என்பது, நாம் கட்டிய புடவைக்கு அடுத்தவர் தரத் தயாராக இருக்கும் தொகை. கடையில் போட்ட பில்லுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

ஆரணிப் பட்டை ஒரு கல்யாணத்துக்குத்தான் கட்டினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். போட்டோ பார்ப்பவருக்குத் தெரியாது. மடிப்பு ஓரத்தில் பட்டு இற்றிருக்கிறதா, முந்தானையில் சாம்பார்க் கறை இருக்கிறதா, எதையும் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஃபிளாஷ் பட்டால் அரக்குகூடச் சிவப்பாகத் தெரியும். வேலூர் மார்க்கெட்டில் முள்ளு கத்திரிக்காயைப் புரட்டிப் பார்க்க விடாமல் மூட்டையோடு விற்றால், பாதி சொத்தை என்று கணக்குப் போட்டுத்தானே விலை கேட்போம்? நல்ல காய் வைத்திருப்பவருக்கும் அதே விலைதான். அதனால் நல்ல புடவை பீரோவிலேயே தங்கிவிடுகிறது. சுமாரானவை மட்டும் விற்பனைக்கு வர, விலை இன்னும் இறங்குகிறது. ("கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் தனிக் கதை.) பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, கறையைக் கிட்டத்தில் காட்டினால் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

அப்புறம், "சரிகைக்காவது நல்ல காசு வரும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது வெள்ளி இழையில் தங்க முலாம் பூசிய அசல் சரிகைக்கு மட்டும்தான், இப்போது வரும் பல புடவைகளில் இருப்பது செம்புக் கம்பியோ பிளாஸ்டிக் இழையோதான்.