கோழிக்கறிப் பார்சல் எப்போது?

கேள்வி: என் தங்கச்சிக்கு 20 வயது. கொழும்பில் முதல் குத்துச்சண்டைப் போட்டி. காலையில் நிறை பார்ப்பார்கள், பின்னேரம்தான் சண்டை. அம்மா சோறும் கோழிக்கறியும் கட்டித் தருவேன் என்று நிற்கிறா. இடையில் அவள் என்ன செய்ய வேண்டும்?
- ஓர் அண்ணன், முள்ளியவளை

பதில்: தம்பி, அம்மாவின் பார்சலை நீங்களே வைத்திருங்கள். சண்டை முடிந்ததும் கொடுங்கள்.

என் கதையைக் கேளுங்கள். 52 கிலோவுக்குள் நிற்பதற்காக முதல் நாள் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்காமல் கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறினேன். விடிய நிறை பார்த்ததுதான் தாமதம், முன்கடையில் கொத்துரொட்டி, அதற்கு மேல் ஒரு போத்தல் சோடா. முதல் ரவுண்டிலேயே வயிற்றில் ஒரு குத்து. கொத்து தொண்டை வரை வந்துவிட்டது. அன்றைக்கு என்னை அடித்தது அந்தப் பெடியன் இல்லை, கொத்துரொட்டிதான் என்று மாஸ்டர் இன்றும் சிரிப்பார்.

தராசால் இறங்கியதும் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சீனித் தூள்) கரைத்து மிடறு மிடறாகக் குடிக்கட்டும். பிறகு உப்புப் போட்ட சோற்றுக்கஞ்சி, ஒரு வாழைப்பழம். பழகிய சாப்பாடாக இருக்க வேண்டும். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சமிக்க நேரமெடுக்கும். பிறகு படுத்திருக்கட்டும். நித்திரை வராது, பரவாயில்லை. எதிராளியின் வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதீர்கள்.

உங்கள் ஊர் என்றால் கையில் வற்றாப்பளை அம்மன் கோயில் நூல் இருக்குமே? நூல், தோடு, மூக்குத்தி எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ரிங்கடியில் கத்தரிக்கோலைக் கண்டு அம்மா அழுதால் பிள்ளையின் மனம் குழம்பும். தலைமயிருக்கு ரப்பர் பான்ட் மட்டும், இரும்புக் கிளிப் கூடாது.

சண்டைக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது கைக்கட்டு, அதாவது கையுறைக்குள் சுற்றும் துணிப்பட்டி. விரல்களை நன்றாக விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பெருவிரலில் கொழுவி, மணிக்கட்டைச் சுற்றி, மொளிகளின் மேல் வர வேண்டும். கையைப் பொத்தினால் இறுக வேண்டும், விரித்தால் தளர வேண்டும். விரல்நுனி விறைத்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் பிறகு வேர்க்கும்வரை காற்றில் குத்தட்டும். மூன்றே மூன்று நிமிட ரவுண்டில் உடம்பு சூடேறும்வரை எதிராளி பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாள்.

இன்னொன்று. கையுறை போடுவதற்கு முன் கட்டாயம் ஒருமுறை மலசலகூடத்துக்கு அனுப்புங்கள். போட்ட பிறகு அவசரம் வந்து நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.