பெட்டியில் இருந்த ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஜாஸ் கேட்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. சென்ற மாதம் தற்செயலாக பாபி ஹட்சர்சனின் 'தி கிக்கர்' ஆல்பத்தைக் கேட்டேன். உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் என்ற கருவியின் கலைஞர். 1963இல் பதிவான இசை 1999இல்தான் வெளியே வந்தது என்று அறிந்ததும் அதிர்ச்சியாக இருந்தது. இப்படி ஒரு பொக்கிஷத்தை ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் 36 வருடம் ஏன் இருட்டடிப்புச் செய்தது? கறுப்பினக் கலைஞர் என்பதாலா? மறக்கப்பட்ட இந்த மாபெரும் படைப்பைப் பற்றித் தமிழில் ஒருவரும் எழுதவில்லையே என்ற ஆதங்கமும் இருக்கிறது.

வைப்ரஃபோன் இசையில் அவசியம் கேட்க வேண்டிய பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தித் தர முடியுமா? இவற்றை எல்பியில் கேட்பதற்கும் செல்பேசியில் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டா? முறையாகச் சங்கீதம் படிக்காத என்னைப் போன்றவர்கள் ஜாஸைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

இரண்டு வாரமாக என் மேசைமேல் ஒரு கையெழுத்துப் பிரதி கிடக்கிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய நாவல். இளம் பதிப்பாளர் ஒருவர் அதை அச்சிட ஆசைப்படுகிறார். அட்டையில் 'தொலைந்துபோன நாவல்' என்று போடலாமாம். இந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் பதில் எழுதுகிறேன். வேறு சமயமாக இருந்தால் 'பத்து ஆல்பங்கள்' என்ற இடத்திலேயே மூடி வைத்திருப்பேன்.

சின்னக் கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடலாம். எல்பி வாங்கப் பணம் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் செல்பேசியில் கேளுங்கள். சமைக்கத் தெரிந்தவர்கள்தான் உப்பைப் பற்றிப் பேசலாம் என்றால் ஊரில் ஒரு வீட்டிலும் சண்டை வராது. நிறத்தைப் பற்றிய கேள்வி அன்றைய அமெரிக்காவில் எந்த வாசலிலும் நின்று கேட்கத் தகுந்ததுதான். ஆனால் பெர்லினிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்த ஆல்ஃப்ரட் லயன், ஃப்ரான்சிஸ் வொல்ஃப் என்ற இரண்டு யூத நண்பர்கள் நடத்திய நிறுவனம் அது. அவர்கள் வெளியிட்டதில் மிகப் பெரும்பகுதி கறுப்பினக் கலைஞர்களின் இசை. வெளியிடாமல் வைத்திருந்ததிலும் அப்படித்தான்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். இருட்டடிப்பு! தமிழில் இந்தச் சொல்லை இவ்வளவு மலிவாக்கியது யார் என்று தெரிந்தால் அவர் வீட்டுக்கு ஒரு நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவைக்கச் சொல்வேன். ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை வரவில்லையென்றால் இருட்டடிப்பு. விருதுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் இருட்டடிப்பு. இப்போது நியூ ஜெர்சியில் பதிவான ஒரு ஒலிநாடா அலமாரியில் இருந்ததும் இருட்டடிப்பாகிவிட்டது. லயன் விற்க முடிந்ததைவிட அதிகமாகப் பதிவு செய்தவர். கிதார் கலைஞர் கிரான்ட் கிரீன் 1964இல் பதிவு செய்த 'மாட்டடோர்' 1979இல்தான் வந்தது. ஹட்சர்சனே 1967இல் வாசித்த 'ஒப்ளீக்' பல வருடம் கழித்து முதலில் ஜப்பானில் வெளியானது. மைக்கேல் கஸ்கூனா என்ற தயாரிப்பாளர் 1975 முதல் அந்தக் கிடங்குக்குள் புகுந்து நாடா நாடாவாகக் கேட்டு வெளியே எடுத்தார். அவர் 2024இல் இறந்தபோது நான் இரண்டு நாள் வேறு எதையும் கேட்கவில்லை. கிடங்கில் கிடந்ததைப் புதைத்தது என்று சொல்கிறீர்கள். விதைநெல்லையும் பெட்டியில்தான் வைப்பார்கள், எம்.

அந்த நாளைக் கொஞ்சம் பாருங்கள். 1963 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடம். வான் கெல்டர் கண் பரிசோதகராகத் தொழில் செய்தவர். பகலில் கண்ணாடிக்கு எண் எழுதிக் கொடுத்துவிட்டு மற்ற நேரத்தில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். 1959இல்தான் உயரமான மரக்கூரையோடு இந்தக் கூடத்தைக் கட்டிக்கொண்டார். அன்று வந்தவர்கள் டெனர் சாக்ஸஃபோனுக்கு ஜோ ஹெண்டர்சன், பியானோவுக்கு டியூக் பியர்சன், பேஸுக்கு பாப் கிரான்ஷா, டிரம்ஸுக்கு அல் ஹேர்வுட். சில பாடல்களுக்கு மட்டும் கிதாரோடு கிரான்ட் கிரீன். தலைமை ஹட்சர்சன். அவருக்கு 23 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இதே ஆறு பேரும் ஆறேழு வாரத்துக்கு முன்னால் இதே கூடத்தில் கிரான்ட் கிரீனின் 'ஐடில் மொமண்ட்ஸ்' ஆல்பத்துக்கு வாசித்திருந்தார்கள். அதன் தலைப்புப் பாட்டில் ஒரு சுற்று என்பது 16 தாள அளவா 32 தாள அளவா என்று ஆளுக்கொன்றாக எண்ணிக்கொண்டதில் பாட்டு ஏறக்குறைய பதினைந்து நிமிடத்துக்கு நீண்டுவிட்டது. அழகாக இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டு, இடம் போதாமல் மற்ற பாடல்களைச் சுருக்கித் திரும்ப வாசித்தார்கள். நான் பம்பாயில் குமாஸ்தாவாக இருந்தபோது அந்த ஆல்பத்தின் கேசட் நாடா தேயும்வரை கேட்டிருக்கிறேன். பல வருடம் கழித்து 'தி கிக்கர்' குறுந்தகட்டைப் போட்டதும் பழகிய வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. வாசல் பலகையில் பெயர் மட்டும் மாறியிருந்தது.

அது மாபெரும் படைப்பா? இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து மிக ஒழுங்காக வாசிக்கும் ஒரு பையன் அதில் இருக்கிறான். மூத்த வைப்ரஃபோன் கலைஞர் மில்ட் ஜாக்சனின் இசைத்தட்டைக் கேட்டு மயங்கி, கொத்தனாரான தன் அப்பாவோடு செங்கல் வேலை செய்து சேர்த்த பணத்தில் வைப்ரஃபோன் வாங்கிய பையன். ஆறு பாடல்களில் ஒன்று மட்டுமே அவனுடையது. அதற்கும் 'ஃபார் டியூக் பி.' என்று பக்கத்தில் பியானோ வாசிக்கும் அண்ணனின் பெயரையே வைத்திருக்கிறான். தலைப்புப் பாட்டும் 'ஸ்டெப் லைட்லி'யும் ஹெண்டர்சன் எழுதியவை. 'பெடூயின்' பியர்சன் எழுதியது.

இரண்டே மாதம் கழித்து, 1964 பிப்ரவரி 25 அன்று, இதே கூடத்தில் சாக்ஸஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' பதிவாகிறது. அதில் பியானோ கிடையாது. டிரம்ஸில் 18 வயது டோனி வில்லியம்ஸ். 'தி கிக்கர்' முழுக்க பியர்சனின் பியானோ கீழே பாய் விரித்துக் கொடுக்கிறது, பையன் அதன்மேல் நடக்கிறான். டால்ஃபி பாயை உருவிவிட்டார். அங்கே ஹட்சர்சன் வாசிப்பது, கையில் நான்கு கோல்களோடு இருட்டில் விளக்குத் தூண்களை நட்டுக்கொண்டே போகிறவர் செய்யும் வேலை. ஓர் அடி, பிறகு வெறும் இடம், மறுபடி ஓர் அடி. 1965இல் அவர் பெயரில் வெளிவந்த முதல் ஆல்பம் 'டயலாக்'. அதை முதலில் கேட்டவர்களுக்கு அவர் புதிய மொழி பேசுகிறவராக அறிமுகமானார். 'தி கிக்கர்' முந்திக்கொண்டு வந்திருந்தால் மில்ட் ஜாக்சன் வழியில் வந்த இன்னொரு நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'தி கிக்கர்' என்ற அந்த மெட்டு அலமாரியில் தங்கவில்லை. பத்து மாதம் கழித்து ஹெண்டர்சன் அதை பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வரின் குழுவில் வாசித்தார், 'சாங் ஃபார் மை ஃபாதர்' ஆல்பத்தில் இருக்கிறது. 1967இல் தன்னுடைய ஆல்பம் ஒன்றுக்கு அதையே பெயராக வைத்தார். பாட்டு ஊரெல்லாம் சுற்றியது, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெட்டியில் இருந்தது.

பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியும். இந்த நாவலை எழுதி ஒரு சிற்றிதழ் ஆசிரியருக்கு அனுப்பினேன். அவர் பெயர் வேண்டாம். அச்சிடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. நான்கு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நான் போகாத டீக்கடை இல்லை, அந்த மனிதரைத் திட்டாத மாலை இல்லை. நீங்கள் இன்று எழுதிய அதே சொல்லைத்தான் சொன்னேன். அவர் காலமான பிறகு அவர் மனைவி ஒரு பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்து தாள்கட்டை எடுத்துக் கொடுத்தார். ரப்பர் பட்டை உருகித் தாளோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் 61ஆம் பக்க ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்து: "இதெல்லாம் யார் யாரோ பேசுகிறார்கள். நீ 112இல் வருகிறாய்." 112ஆம் பக்கத்தில் என் பாட்டி முற்றத்தில் புளி உலர்த்துகிறாள். அரைப் பக்கம். அதற்குப் பிறகு மறுபடி யார் யாரோ பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அன்றைக்கு அழுதேன். அவர் இதை எனக்கு ஒரு தபால் அட்டையில் எழுதியிருக்கலாம், அந்தக் கோபம் இன்றும் போகவில்லை. ஆனால் அச்சிட்டிருந்தால் நான் அந்த யார் யாரோவாகவே நின்றிருப்பேன்.

அதனால்தான் 'தி கிக்கர்' எனக்குப் பிடிக்கும். அதில் என் 112ஆம் பக்கம் மாதிரி ஒன்று இருக்கிறது. 'மிரர்ஸ்' கேளுங்கள். மெதுவான பாட்டு. ஒரு ஸ்வரத்தை அடித்துவிட்டு, ஒலியை நீட்டிக்கும் மிதியிலிருந்து காலை எடுக்காமல் அது கரைவதைக் காத்திருந்து கேட்கிற ஒருவர் அங்கே இருக்கிறார். மாபெரும் படைப்பு, மறக்கப்பட்ட பொக்கிஷம் என்று கூவிக்கொண்டு போனால் அந்தச் சத்தத்தில் இது காதில் விழாது.

மிதி என்றதும் நினைவு வருகிறது. பம்பாயில் என் மாடிக்குக் கீழே ஒரு கோவாக்காரர் இருந்தார், ஓட்டல்களில் பியானோ வாசித்து ஓய்ந்தவர். அங்கிள் என்று கூப்பிடுவோம். ஒரு நாள் தான் முன்பு வேலை பார்த்த ஓட்டலின் சாமான் அறைக்கு அழைத்துப்போனார். மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு வைப்ரஃபோன் நின்றது. அலுமினியப் பட்டைகள்மேல் விரற்கடை தூசி. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய், குழாயின் வாயில் காசு போல ஒரு தகடு, ஒவ்வொரு வரிசைத் தகடுகளையும் கோத்து ஒரு நீளக் கம்பி. மோட்டார் கம்பியைச் சுழற்றும்போது தகடுகள் குழாய் வாயை மூடித் திறக்கும், ஒலி அலையும். அந்த மோட்டார் எப்போதோ எரிந்துபோயிருந்தது. அங்கிள் குனிந்து கம்பியை விரலால் உருட்டினார், ஒரு வரிசைத் தகடுகள் அத்தனையும் ஒன்றாகப் புரண்டு படுத்தன. பிறகு மிதியை அழுத்திக்கொண்டு ஒரு பட்டையை நகத்தால் சுண்டினார். அறையில் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. காலை எடுத்ததும் நின்றுவிட்டது. "ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது" என்றார். கதவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம்.

பத்து ஆல்பம் தரப்போவதில்லை. ஹட்சர்சன் பையனாக இருந்தபோது நடந்த ஒன்றைப் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். முதல் கச்சேரிக்கு எந்தப் பட்டையை எப்போது அடிக்க வேண்டும் என்று மைப்பேனாவால் பட்டைகள்மேலேயே எண் போட்டு வைத்திருந்தாராம். தொடங்குவதற்குச் சற்று முன்னால் மேடை ஆள் ஒருவர் அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். அப்பா, அம்மா முன்னிலையில் மானம் போனது. நீங்கள் என்னிடம் அந்த மைப்பேனாவைக் கேட்கிறீர்கள். 'தி கிக்கர்' கேட்டாயிற்று, அடுத்து 'அவுட் டு லஞ்ச்' போடுங்கள். முதல் நாள் தலைவலி வரும். விடாதீர்கள்.

ஹட்சர்சன் 2016 ஆகஸ்ட் 15 அன்று இறந்தார். கடைசிக் காலத்தில் நுரையீரல் நோயால் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மேடையேறினார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பதிவு செய்த வான் கெல்டர் பத்து நாள் கழித்துப் போனார். தமிழில் ஒருவரும் எழுதவில்லை என்று ஆதங்கப்பட்டிருந்தீர்கள். எழுதுங்கள், வாசிக்கிறேன்.

பதிப்பாளருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அட்டையில் 'தொலைந்துபோன' என்ற சொல் இல்லாமல் போடுவாரா என்று கேட்க வேண்டும்.