முயல் கூட்டடியில் எலி: லண்டனுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முழுக்க வாசித்தேன். கேர் ஹோம் வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, ஈஸ்ட்ஹாமில் கீழ்வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். மகளின் பள்ளித் தோழி வீட்டார் ஊர் மாறிப் போகும்போது இரண்டு முயலையும் ஒரு மரக்கூட்டையும் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது இருட்டியதும் கூட்டைச் சுற்றி எலி ஓடுகிறது. பவுண்ட் கடையில் எந்த எலி மருந்து நல்லது, பிள்ளைக்கு ஏதும் வருத்தம் வருமா என்று கேட்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், கணவரின் லைசன்ஸ், ஹீட்டர் செலவு.

கடைசி மூன்றையும் முதலில் முடித்துவிடுகிறேன். பள்ளிக்கூட இடத்துக்கு கவுன்சிலை, அதாவது உள்ளூராட்சி சபையைத்தான் கேட்க வேண்டும். இலங்கை லைசன்ஸோடு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் கார் ஓடலாம், அதற்குள் இங்கத்தைய சோதனையைப் பாஸ் பண்ணச் சொல்லுங்கள். ஹீட்டர் செலவில் இந்த நாட்டில் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்ல முடியாது. சரி, எலிக்கு வருவோம்.

மருந்து வாங்காதீர்கள். கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைத் திருப்பிப் பாருங்கள், டிஃபெனகூம் அல்லது புரோமாடியோலோன் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். இரத்தம் உறையாமல் செய்து கொல்லும் சாமான்கள் இவை. தின்ற எலி அன்றைக்கே சாகாது, பல நாட்கள் நடமாடித்தான் சாகும். அதற்கிடையில் திரும்பத் திரும்ப வந்து தின்னும், தானிய மருந்தாக இருந்தால் அள்ளிக்கொண்டு போய் ஒளித்தும் வைக்கும். முயல் படுக்கிற காய்ந்த புல்லை விட ஒளிக்க நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்? முயலுக்கு மருந்துக் கோதுமையும் ஒன்றுதான், நல்ல கோதுமையும் ஒன்றுதான். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான். செத்துக்கொண்டிருக்கும் எலியை அயல்வீட்டுப் பூனையோ நரியோ ஆந்தையோ பிடித்தால் விஷம் அதற்கும் போகும். எலி போய்ச் சாகிற இடம் உங்கள் குசினித் தரைக்குக் கீழே என்றால், அந்த மணத்தோடு சில கிழமைகள் சமைக்க வேண்டிவரும். ஒட்டுப்பொறி வாங்கலாமா என்று யோசித்தால் அதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 இலிருந்து பொதுமக்கள் அதைப் பாவிப்பது குற்றம். பிடித்த எலியை வாளித் தண்ணீரில் அமுக்குவதும் குற்றம்தான். ஊரில் செய்ததை எல்லாம் இங்கே செய்யப் போனால் வம்பு.

எலி முயலைத் தேடி வருவதில்லை. வளர்ந்த முயலை அது பெரும்பாலும் தொடாது. குட்டி போட்டிருந்தால்தான் பயம். அது தேடி வருவது தீன், தண்ணீர், மேலே ஒரு கூரை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது முயல் கூட்டடியில். ஆகவே கை வைக்க வேண்டியது எலியில் இல்லை, தீன் கோப்பையில். உங்கள் மகள் இரக்கப்பட்டுக் கோப்பை நிறையத் தீன் (கடையில் வாங்கும் முயல் உருண்டை) போடுகிறாள் என்று நினைக்கிறேன், எல்லாப் பிள்ளைகளும் போடுகிறவைதான். சராசரி உடம்புள்ள ஒரு முயலுக்கு ஒரு நாளைக்கு அவித்த முட்டை வைக்கும் சின்னக் கோப்பை அளவு தீன் போதும். மிச்ச வயிறு புல்லாலும் காய்ந்த புல்லாலும் நிரம்ப வேண்டும், முயலின் பல்லுக்கும் குடலுக்கும் அதுதான் நல்லது. தீனைக் காலையில் போடுங்கள். பொழுதுபடும்போது கோப்பையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிடுங்கள், கீழே சிந்தியதைக் கூட்டுங்கள். காய்ந்த புல் மட்டும் இரவிலும் இருக்க வேண்டும், அதை எடுக்கக் கூடாது. ஈரமான படுக்கையை நாளாந்தம் மாற்றுங்கள். தீன் சாக்கை வெளியே வைக்காதீர்கள். பிளாஸ்ரிக் டப்பாவை எலி அரித்துவிடும், மூடி இறுக்கமான தகர வாளி வாங்குங்கள்.

இந்தத் தகர வாளிப் பாடம் எனக்கு முயலால் வந்ததில்லை. 1991 பெப்ரவரியில், லண்டன் பனிக்குள் மூடுண்டு கிடந்த கிழமையில் வந்திறங்கினவன் நான். அந்தப் பனியில்தான் ரயில் ஓடாததற்கு 'இது வேறு மாதிரிப் பனி' என்று ரயில்காரர் காரணம் சொல்லி ஊர் முழுக்கச் சிரித்தது. எனக்கு எல்லாப் பனியும் புதுப்பனி, சிரிக்கத் தெரியவில்லை. ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை, எங்கள் ஆட்கள்தான் வாடகைக்கு விட்டார்கள். பகல் வேலைக்காரர் எழும்பிய படுக்கையில் இரவு வேலைக்காரர் படுப்போம். நான் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. விடிய வந்து படுத்தால் சீலிங்கில் எலிகளின் ஓட்டப்போட்டி. அரிசி மூட்டையை மேசையில் வைத்தோம், ஏறின. கயிற்றில் தொங்கவிட்டோம், கயிற்றால் இறங்கின. கடைசியில் கூட இருந்த ஒரு வல்வெட்டித்துறை அண்ணர், கடைக்காரர் எறிந்த பெரிய எண்ணெய்த் தகரத்தைக் கழுவி, மூடி செய்து, அரிசியை உள்ளே போட்டார். அதற்குப் பிறகு எலி குறைந்தது. வீட்டுக்காரரிடம் முறையிட்டபோது, ஊரில் பங்கருக்குள் பாம்போடு கிடந்தவர்களுக்கு எலி பெரிதா என்று கேட்டார். இப்போதும் சில வீட்டுக்காரர் புதிதாக வருகிறவர்களிடம் இதையே வேறு சொற்களில் கேட்கிறார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அடுத்தது கூடு. மலிவுக் கூடுகளுக்கு அடித்திருப்பது கோழிக்கூட்டு வலை, அந்த அறுகோணக் கண் வலை. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், எலி உள்ளே வருவதைத் தடுக்காது. எலி அதைக் கடித்து அறுக்கும், நரி இழுத்துப் பிய்க்கும். அதைக் கழற்றிவிட்டு, கம்பிகளை ஒட்டவைத்துச் செய்த சதுரக் கண் வலை போடுங்கள். கண் 13 மில்லிமீற்றர், கம்பி 16 கேஜ். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசாகும், கடைக்காரர் 22 ஐக் காட்டி இதுவும் அதுவும் ஒன்றுதான் என்றால் நம்பாதீர்கள். ஸ்ரேப்பிள் ஆணியால் அடிக்காமல் திருகாணியும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். பெருவிரல் நுழைகிற ஓட்டையே பெரிய எலிக்குக் காணும், கதவு இடுக்கையும் மூலைகளையும் விரல் விட்டுப் பாருங்கள். அரித்த மரவிளிம்புகளுக்குத் தகரப் பட்டி அடிக்கலாம். கதவுக்குத் திருப்புகட்டை போதாது, மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும். அது நரிக்காக. ஈஸ்ட்ஹாம் நரிகள் பட்டப்பகலில் மதிலில் படுத்து வெயில் காய்கிறவை.

கூடு மண்ணில் குந்தியிருந்தால் அதற்கு அடியில் எலி பொந்து தோண்டும். கால் வைத்தோ செங்கல் அடுக்கியோ ஓரடி உயர்த்துங்கள், குனிந்தால் அடி தெரிய வேண்டும். கீழே சீமெந்துக் கல் பதியுங்கள். மதிலோடு ஒட்டவும் வைக்க வேண்டாம். எலி சுவரோரமாகத்தான் ஓடும், ஒட்டி வைத்த கூடு அதற்குக் கூரை போட்ட பாதை. முயல் ஓடித் திரியும் அடைப்புக்குக் கீழேயும் வலை விரிக்கலாம், ஆனால் வெறும் கம்பியில் முயலின் கால் புண்ணாகும், மேலே மண்ணோ புல்லோ மூட வேண்டும். ஓடித்திரியும் அடைப்பு என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். கூட்டுக்குள்ளேயே இருபத்துநாலு மணிநேரமும் அடைத்து வைப்பது பாவம். இரண்டு முயலுக்குக் குறைந்தது 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம் வேண்டும் என்று இங்கத்தைய முயல் நலச் சங்கம் சொல்கிறது. வாடகை வீட்டில் ஆறேழு பேர் ஓர் அறையில் இருந்த எங்களுக்கு இதைக் கேட்க முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு எங்கள் மகளுக்காக நானே அளந்து கட்டினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி, நாங்கள் கறி வைக்கத்தான் முயல் வளர்க்கிறோம் என்று முதல் கோடை முழுக்கச் சந்தேகப்பட்டவர், பின்னாளில் தன் பேரனின் முயலுக்குக் கூடு பார்த்துத் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்.

இனி எங்கள் சனத்துக்குக் கோபம் வருகிற பகுதி. விரத நாளில் காகத்துக்குச் சோறு வைப்பீர்கள்தானே? நாங்களும் வைக்கிறோம். ஆனால் லண்டன் காகம் எங்கள் ஊர்க் காகம் இல்லை, கூப்பிட்டால் வராது. வந்து தின்பது புறா, மிச்சம் இரவில் எலிக்கு. சோறு, பருப்பு, வடை எல்லாம் மதிலில் வைத்துவிட்டு அடுத்த விரதம் வரை திரும்பிப் பாராத வீடுகள் எத்தனையை நான் இந்தத் தெருவிலேயே காட்டுவேன். பிறகு அந்த வீட்டார்தான் கவுன்சில் சரியில்லை, பக்கத்து வீட்டான் குப்பை என்பார்கள். வையுங்கள், அரை மணிநேரம் விட்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள், பிதிர்கள் கோபிக்க மாட்டார்கள். வெள்ளைக்காரரும் லேசுப்பட்டவர்கள் இல்லை, குருவிக்குத் தொங்கவிடும் கடலைக்கூட்டின் கீழே சிந்துவது கொஞ்சமா? இன்னொன்று, பலகைத் தளம். வளவு முழுக்கப் பலகை அடித்து, மேலே கதிரை போட்டுப் படம் எடுத்துப் போடுவது இப்போது எங்கள் ஆட்களிடம் பெருமை. பலகைக்குக் கீழே எலிக்கு வெயில் இல்லை, மழை இல்லை, நரி இல்லை. என் உறவுக்காரர் ஒருவர் அதற்குக் கொட்டிய காசில் ஊரில் கிணறு வெட்டியிருக்கலாம். அவருக்கும் சொன்னேன், நான் பொறாமையில் கதைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு எலி வந்தால் பொந்தைத் தேடுங்கள். ஏழெட்டு சென்ரிமீற்றர் அகலத்தில் வாய் இருக்கும். பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே அடையுங்கள், மறுநாள் தாள் வெளியே கிடந்தால் ஆள் இருக்கிறார். வளவு சுத்தமாக இருந்தும் விடாமல் வந்தால், நிலத்துக்குக் கீழே கழிவுக் குழாய் உடைந்திருக்கக் கூடும். அதைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. வீட்டின் சுவரும் வடிகாலும் வீட்டுக்காரரின் பொறுப்பு என்று 1985 ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே சொல்கிறது. வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள், படம் சேருங்கள். அசைலம் (அகதித் தஞ்சம்) அடித்து வந்த எங்களுக்கு வீட்டுக்காரரோடு எழுத்தில் கதைக்கப் பயம். வேலை விசாவில் வந்த நீங்கள் ஏன் பயப்பட வேண்டும்? முயல் வைத்திருப்பதற்கும் அவரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். 2025 இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே முதல் இங்கிலாந்தில் நியாயமான காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது, 28 நாட்களுக்குள் பதில் சொல்லவும் வேண்டும். கவுன்சிலின் எலி பிடிக்கும் பகுதிக்கும் ரெலிபோன் அடிக்கலாம். சில கவுன்சில்கள் காசு கேட்கும், கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பொறி வைப்பதானால் அடித்துக் கொல்லும் பொறி, பெட்டிக்குள், முயலும் பிள்ளையும் எட்டாத இடத்தில், சுவரோரமாக. எலிக்குப் புதுச்சாமானில் பயம். ஆகவே முதல் சில நாட்கள் பொறியை இறுக்காமல் கடலை பட்டர் மட்டும் தடவி விடுங்கள், பழகட்டும். அப்புறம் இறுக்குங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஊரில் எலிக்காய்ச்சல் என்போமே, அதே கிருமி இங்கத்தைய எலியின் மூத்திரத்திலும் இருக்கலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அதில் ஆட்கள் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே அது அரிது, அதற்காகச் சும்மா விட முடியாது. கூடு கழுவும்போது கையுறை, காயத்துக்குப் பிளாஸ்ரர், முடிந்ததும் சவர்க்காரம். எலி நடமாடிய புல்லை முயலுக்குப் போடாமல் எறியுங்கள், தண்ணீர்ப் போத்தலின் வாயைக் கழுவுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைவும் கண் சிவப்பும் வந்தால் டொக்டரிடம் எலி நின்ற கதையைச் சொல்ல மறக்க வேண்டாம். நாங்கள் சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல், பரசிற்றமோல் போடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

முயல்களுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்று தந்தவர்களைக் கேளுங்கள். மிக்ஸமற்றோசிஸ் என்ற நோயும், முயல்களை ஓரிரு நாளில் சாகடிக்கிற இரத்தக் கசிவு நோயின் இரண்டு வகையும் இங்கே உண்டு. மூன்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு ஊசி. மிருக வைத்தியர் காசு கூட வாங்குவார், அதை முன்கூட்டியே ஒதுக்குங்கள். இரண்டும் கடுவனா பெட்டையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கடுவன் ஒன்று, பெட்டை ஒன்று என்றால் ஒரு மாதத்தில் உங்களிடம் இரண்டு முயல் இருக்காது.

16 கேஜ் வலையில் ஒரு சுருள் மிச்சம் என் ஷெட்டில் கிடக்கிறது, வெட்டும் குறடும் இருக்கிறது. கூட்டை அளந்து நீளம், அகலம், உயரம் எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கணவரை வரச் சொல்லுங்கள், வெட்டியே தந்துவிடுகிறேன். திருகாணியும் வாஷரும் மட்டும் நீங்கள் வாங்க வேண்டும்.