பிள்ளைகளைப் பிரிப்பதுதான் கேஸ் ஒர்க்கர் வேலையா?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போவதுதானே அந்த வேலை, அதற்கு மனசு வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வடசென்னையில் ஆறு வருடம் இந்த வேலைக்காக அலைந்தவள் நான். கூட்டிக்கொண்டு போகச் சொல்லி எங்களைத் தேடி வந்தவர்களில் நிறையப் பேர் அந்தப் பிள்ளைகளின் சொந்தக்காரர்களேதான். "ஹோம்ல சேத்துடுங்க மேடம், மூணு வேளை சோறாவது துன்னும்" என்ற வார்த்தையை வியாசர்பாடியிலும் கேட்டிருக்கிறேன், கொருக்குப்பேட்டையிலும் கேட்டிருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் கூட்டம் கூடும். ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் இருக்கும் வழிகளைத் தேடுவதுதான் கேஸ் ஒர்க்கரின் வேலை.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைப்பு வரும். இல்லையென்றால் ஒரு டீச்சரோ போலீஸோ சொல்வார்கள். இல்லத்தில் சேர்க்கவேண்டிய நிலையில் குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்கள் கேட்கும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள் கெடு. படிவம் 22 என்போம். வீட்டில் யார் யார், என்ன வருமானம், என்ன வியாதி, பிள்ளை யாரிடம் ஒட்டுதல் என்று பக்கம் பக்கமாகப் போகும். படிவத்தை நிரப்பிவிடலாம். எத்தனை மணிக்கு அந்த வீட்டுக்குப் போனோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

காசிமேடு பக்கம் ஒரு ஆயா. (அடையாளம் சொல்லக் கூடாது என்று சட்டமே இருப்பதால் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) மகன் செத்துப்போனான், மருமகள் போன இடம் தெரியாது, இரண்டு பேரப்பிள்ளைகள். மீன் வாங்கி விற்கிற பொம்பளை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் தண்டலுக்குக் கடன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஜூன் கடைசியில் எங்களிடம் வந்தார். "நான் பூட்டா இதுங்கள யாரும்மா பாப்பாங்க? இப்பவே சேத்துடு" என்றார்.

நான் வீட்டுக்குப் போனது பகல் பதினொரு மணிக்கு. பூட்டு தொங்கியது. கிழவி ராத்திரி மூணு மணிக்கே பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுகிறாள் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். 'போதிய கவனிப்பு இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குழுவில் இருந்த மேடம் அறிக்கையைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பிள்ளைங்க தூங்குற நேரத்துல போய்ப் பாத்தியாம்மா?"

மறுநாள் விடியற்காலை நான்கரைக்குப் போய் நின்றேன். ஆயா அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போயிருந்தார். விடிவதற்குள் போகாவிட்டால் அவருக்கு அன்றைக்கு வியாபாரம் இல்லை. எதிர்வீட்டு அக்கா தன் பாயை எடுத்து வந்து இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் போட்டுப் படுத்திருந்தார். தினமும் அப்படித்தானாம். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயா அவர் வீட்டுக்கு மீன் கொடுப்பார். இதை எழுத படிவம் 22-இல் தனிக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதினேன்.

அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது இல்லம் இல்லை, காசு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு உண்டு. ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000-க்குள் இருக்கவேண்டும். தகுதி இருந்தது, காகிதம் இல்லை. கரையோரக் குடிசையைக் காலிசெய்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி பெரும்பாக்கத்தில் வாரிய வீடு கொடுத்திருந்தார்கள். அங்கே மீன் ஏது? ஆயா திரும்பி வந்து வாடகை அறையில் இருக்கிறார். ரேஷன் கார்டு பெரும்பாக்கத்தில், அது செங்கல்பட்டு மாவட்டம். பிள்ளைகள் படிப்பது சென்னை மாவட்டத்தில். எந்த மாவட்டம் பணம் கொடுப்பது? வங்கியில், பாட்டியைக் காப்பாளராகப் போட முடியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். குழுவின் உத்தரவு நகலோடு மூன்றாவது முறை போனபோதுதான் பாஸ்புக் கிடைத்தது. கையெழுத்துக்காக நான் காத்திருந்த பெஞ்சுகளைச் சேர்த்தால் ஒரு கல்யாண மண்டபத்துக்கே போடலாம்.

பிரித்தே ஆகவேண்டிய வீடுகளும் உண்டு. பிள்ளையை நாசம் செய்கிறவனே அதே பத்துக்குப் பத்து அறையில் படுக்கிறான் என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை, அன்றைக்கே வெளியே கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்கு வந்தால் நான் யாரிடமும் பேசமாட்டேன். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

சம்பளமும் தெரிந்துகொள்ளுங்கள். சமூகப் பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய், புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய், இரண்டுமே ஒப்பந்த வேலை. வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் சேர்வதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

ஆயாவின் பெரிய பேத்தி இப்போது ஏழாவது படிக்கிறாள். உதவித்தொகை சரியாக வருகிறதா என்று பார்க்கப் போனால் இன்றைக்கும் எதிர்வீட்டு அக்கா முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். நான் அவளைக் கூட்டிப்போக வந்தவள் என்பதுதான் அவளுக்கு ஞாபகம்.