நீச்சல் பிள்ளைகளின் தோள்வலி: பிசியோவிடம் பெங்களூரு பெற்றோர் கேட்டவை

ஜெயநகர் அம்மா: மேடம், மகளுக்கு 13 வயசு. ஃப்ரீஸ்டைல் அடிச்சா வலது தோள் முன்பக்கம் வலிக்குது. ரெஸ்ட் குடுத்தா போகுது, பூல்ல இறங்கினா திரும்ப வருது.

பதில்: ரெஸ்ட் வலியை அடக்கும், காரணத்தை மாற்றாது. லேன் முனையில் நின்று வீடியோ எடுங்கள். கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி விழுகிறதா? கட்டைவிரல் முதலில் இறங்குகிறதா? இரண்டுமே மேற்கை எலும்பை உள்பக்கம் திருகி, தோள்முனைக்கு அடியில் ஓடும் தசைநாணை நெருக்கும். தோளுக்கு நேரே, விரல்நுனிகள் முதலில் இறங்க வேண்டும்.

வலி போகும்வரை பேடில் (உள்ளங்கையில் மாட்டி நீந்தும் தட்டு), பட்டர்ஃப்ளை வேண்டாம். கிக்போர்டை (மிதக்கும் பலகை) கை நீட்டிப் பிடிப்பதும் வேண்டாம். மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டி கிக் அடிக்கட்டும்.

தரையில்: முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டை வைத்து, ரப்பர் பேண்டை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். 15 தடவை, 3 சுற்று, வாரம் 3 நாள். திரும்பும்போது மெதுவாக. துண்டு கீழே விழுந்தால் லேசான பேண்டுக்கு மாறுங்கள்.

அல்சூர்: ஐஸா, வெந்நீரா?

பதில்: பயிற்சிக்குப் பின் ஐஸ். துணியில் சுற்றி 10–15 நிமிடம். வலி குறையும், அவ்வளவுதான்.

மாரத்தஹள்ளி அப்பா: ஞாயிறு நீச்சல் போட்டி. வலி மாத்திரை போட்டு இறக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வலி தெரியாமல் முழு வேகத்தில் இழுத்தால் புண்பட்ட நாண் இன்னும் கெடும்.

ஒரு கோச்: பேடில் இல்லாம பலம் எப்படி மேடம் வரும்? பேரன்ட்ஸை பயமுறுத்தாதீங்க. என் பசங்க எல்லாரும் போடறாங்க.

பதில்: வலியில்லாத தோளுக்குப் பேடில் போடலாம் சார். உள்ளங்கைப் பரப்பு கூடினால் ஒவ்வொரு இழுப்பிலும் தோளுக்குச் சுமை கூடும். முழங்கை தொய்யும் பையனுக்கு அந்தத் தப்பே கூடுதல் சுமையோடு பழகிவிடும். உள்ளங்கையை விடக் கொஞ்சமே பெரிய பேடில் போதும். மணிக்கட்டு ஸ்ட்ராப்பைக் கழற்றி, நடுவிரலில் மட்டும் மாட்டி நீந்தச் சொல்லுங்கள். இழுப்பு தப்பினால் பேடில் கழன்றுவிடும், பையனுக்கே தெரியும்.

கோச்: கடைசி செட்டுக்குக் குடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகள் அப்போது களைத்திருக்கும். வார்ம்-அப் முடிந்ததும் கொடுங்கள். இன்னொன்று: பயிற்சிக்கு முன் ஒருவர் கையை இன்னொருவர் பின்னால் பிடித்து இழுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பல நீச்சல் பிள்ளைகளுக்கு மூட்டு ஏற்கெனவே தளர்வு; அதை மேலும் தளர்த்துகிறீர்கள்.

பனசங்கரி: என் பையனுக்கும் தோள்வலிதான். ரெஸ்ட் போதுமா? மாத்திரை தரலாமா?

பதில்: இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. படியுங்கள்.

இந்திராநகர்: 12 வயசு. ராத்திரியும் வலிக்குது, கை மரத்துப்போகுது.

பதில்: இதற்கு உடற்பயிற்சி சொல்ல மாட்டேன். வளரும் வயதில் மேற்கை எலும்பின் வளர்தட்டும் (எலும்பு நீளமாக வளரும் மென்மையான பகுதி) பாதிக்கப்படலாம். நீச்சலை நிறுத்தி, இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.