நேதாஜி பிறந்தநாளுக்கு விடுமுறை தேவையா?

கேள்வி: நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பிறந்த ஜனவரி 23-ஐ நாடு முழுவதற்கும் பொது விடுமுறையாக அறிவித்தால் என்ன? காந்தியடிகளுக்கு உள்ள சிறப்பு அவருக்குக் கூடாதா? (மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: தங்கள் ஆதங்கம் நியாயமானதே. தேசிய விடுமுறைகள் மூன்றில் ஒரு தனிமனிதரின் பெயரால் அமைந்தது அக்டோபர் 2 மட்டுமே என்பதால், இக்கேள்வி பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. மேற்கு வங்கத்தில் ஜனவரி 23 விடுமுறை நாள்தான். மத்திய அரசோ 2021 முதல் அந்நாளைப் 'பராக்கிரம தினம்' என்று கொண்டாடுகிறதே தவிர, விடுமுறை அளிக்கவில்லை. விடுமுறை கோரிய பொதுநல வழக்கை 2022 நவம்பரில் ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், அவரைப் போல உழைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்ற பொருளில் கருத்துக் கூறியது.

எனக்கும் விடுமுறையில் உடன்பாடில்லை. ஆனால் என் காரணம் வேறு. பொங்கலுக்கு மறுநாளை நம் மாநில அரசின் விடுமுறைப் பட்டியல் திருவள்ளுவர் தினம் என்றே குறிப்பிடுகிறது. அன்று காலை தொழுவத்தில் மாட்டுக் கொம்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பவரிடம் இன்று என்ன விசேஷம் என்று கேட்டுப் பாருங்கள், வள்ளுவர் பெயரைச் சொல்கிறாரா என்று! காந்தி ஜெயந்திக்கு முதல் நாள் மாலை டாஸ்மாக் வாசலில் நீளும் வரிசையைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வாக அமையும் அந்த நாள், தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் வருமான இழப்பு என்பதும் உண்டு. உத்தரப் பிரதேச அரசு 2017-இல் பெரும்பாலும் தலைவர்கள், சான்றோர்கள் பெயரால் இருந்த 15 விடுமுறைகளை ரத்து செய்தபோது, அந்நாள்களில் பள்ளிகளில் அவர்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்றது. அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

நேதாஜியைப் பற்றிச் சொல்வதற்கு நமக்கென்றே செய்தி இருக்கிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த தமிழர்கள் பலர், அதுவரை கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்காக, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அத்தோட்டப் பெண்கள் சேர்ந்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி, சென்னையில் பிறந்து இங்கேயே மருத்துவம் படித்தவர். இதையெல்லாம் ஜனவரி 23 அன்று ஒரு பாடவேளையிலாவது ஆசிரியர் விரிவாகச் சொல்ல வேண்டுமானால், பள்ளிக்கூடம் அன்று திறந்திருக்க வேண்டுமே!