இரண்டாம் கட்டிலிருந்து தெருவுக்கு: வெளியே சைக்கிள் ஓட்டத் தயங்குவோருக்குச் சில பதில்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெயினர் என்ற கருவியில் பொருத்தி வீட்டுக்குள்ளேயே மிதிப்பவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குறை ஒன்றுதான்: வெளியே போக ஆசை உண்டு, கால் எழுவதில்லை. கடந்த இரண்டு வாரங்களில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, பதினைந்து ஆண்டுகளாக இந்தச் சாலைகளில் ஓட்டிப் பழகியவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2020 ஊரடங்கின்போது ட்ரெயினர் வாங்கினேன். பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் (முன்பகுதிக்கு அடுத்த உட்பகுதியில்) அதைப் போட்டு, வாரம் நான்கு நாள் தவறாமல் மிதிக்கிறேன். ஆனால் சாலையில் இறங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. சனிக்கிழமை இரவெல்லாம் நாளை போவோம் என்றுதான் படுக்கிறேன். விடிந்தால் மனம் வருவதில்லை. அந்த மனத்தை எப்படி வரவழைப்பது, ஐயா? (வங்கி அலுவலர், காரைக்குடி)

பதில்: மனம் வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருப்பதால்தான் ஒன்றரை ஆண்டு போயிருக்கிறது. ட்ரெயினரில் ஏறுவதற்கு உங்களுக்கு மனமே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சைக்கிள் எப்போதும் பொருத்தியே இருக்கிறது, ஹெல்மெட் தேட வேண்டாம், எந்த நிமிடமும் இறங்கிக் குளிக்கப் போய்விடலாம். வெளியே போவதென்றால், பின்சக்கரத்தை மாற்றி, காற்றடித்து, விளக்கில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, எந்தப் பக்கம் போவது என்று யோசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது.

நம் பக்கத்து வீடுகளின் நீளம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் கட்டில் கிடக்கும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, வளவை (நடு முற்றத்தை) சுற்றி, உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டி வாசல் பக்கத்து முகப்புக்கு வருவதற்குள் பாதி ஊக்கம் வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே சனிக்கிழமை மாலையே சைக்கிளைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர்ப் புட்டியையும் ஹெல்மெட்டையும் அதிலேயே மாட்டி, முகப்பில் கொண்டுவந்து சாத்திவிடுங்கள். ஞாயிறு காலை ட்ரெயினரில் ஏற வேண்டுமானால் மறுபடியும் அதை உள்ளே தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும். இதுவரை உங்களை உள்ளே வைத்திருந்த சோம்பல் அன்றைக்கு உங்களை வெளியே தள்ளும். சிரிக்காதீர்கள், ஒரு மார்கழி முழுவதும் பனியைச் சாக்கிட்டு உள்ளேயே மிதித்துக்கொண்டிருந்த எனக்கு வேலை செய்தது இது ஒன்றுதான்.

இரண்டாவதாக, 'நாளை போவோம்' என்பதைத் திட்டம் என்று எண்ண வேண்டாம். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், எதைச் செய்யப் போகிறோம் என்று மட்டும் நினைப்பவர்களைவிட எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்பவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம் என்பதைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். 'காபி குடித்துத் தம்ளரை வைத்ததும் செருப்பை மாற்றி ஷூ போடுவேன், குன்றக்குடி மலையடிவாரம் வரை போய்த் திரும்புவேன்' என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். போய்வர ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். கண்ணுக்கெதிரே மலையும் கோயிலும் பெரிதாகிக்கொண்டே வருவதால், எவ்வளவு மீதி என்று கைப்பேசியைப் பார்க்க வேண்டிய தேவையும் இராது.

வெளியே ஓட்டுவதால் மனநிலை உண்மையிலேயே மாறுகிறதா என்று மூன்று பேர் தனித்தனியே கேட்டிருந்தார்கள். 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 833 பேர் பங்கேற்ற 11 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தது. திறந்தவெளியில் உடற்பயிற்சி செய்தவர்கள் உள்ளே செய்தவர்களைவிடக் கூடுதல் புத்துணர்வை உணர்ந்ததாகவும், மறுபடியும் செய்ய விரும்புவதாகவும் சொன்னதை அது பதிவு செய்தது. ஆனால் அப்படிச் சொன்னவர்கள் உண்மையில் மாதக்கணக்கில் தொடர்ந்தார்களா என்பதை அவற்றில் எந்த ஆய்வும் அளக்கவில்லை. விருப்பம் பிறப்பது ஒன்று, அடுத்த ஞாயிறு வாசலைத் தாண்டுவது வேறொன்று என்பதால்தான் நான் முகப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

கேள்வி: ட்ரெயினர் செயலியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காட்டுகிறது. அதே உழைப்பில் சாலையில் 22ஐத் தாண்ட முடியவில்லை. மனம் உடைந்து மறுபடியும் அறைக்குள் வந்துவிட்டேன், அண்ணா. (வீட்டிலிருந்து பணிபுரியும் மென்பொருள் பொறியாளர், தேவகோட்டை)

பதில்: தம்பி, அந்த 30 என்பது கணக்குப் போட்டு வந்த எண். நீங்கள் மிதிக்கும் வலு (வாட் கணக்கில்), நீங்கள் உள்ளிட்ட எடை, செயலி கற்பனை செய்துகொள்ளும் வழவழப்பான சாலை, உங்களோடு கூட்டமாக ஓடும் பிறரின் பின்னால் ஒதுங்கிக் கிடைக்கும் காற்று மறைப்பு ஆகியவற்றிலிருந்து அது பிறக்கிறது. நம் சாலையில் தார் பெயர்ந்த இடம் உண்டு, வேகத்தடை உண்டு, ஆட்டு மந்தை உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று உண்டு. சமதரையில் உங்கள் உழைப்பின் பெரும்பகுதியைத் தின்பது காற்றின் தடைதான். வேகம் இரட்டித்தால் அந்தத் தடை நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு நொடியும் தேவையான ஆற்றலோ எட்டு மடங்காகும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 150 வாட் மிதிக்கும் உடல், அதைப்போல மூன்று நான்கு மடங்கு ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. சாலையில் உங்கள் வேகமே விசிறியாகி அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். மூடிய அறையில் வியர்வை சொட்டுகிறதே தவிர அவ்வளவாக ஆவியாவதில்லை. அதனால் மிதிக்கும் வலு மாறாமலேயே இதயத் துடிப்பு மெல்ல ஏறுகிறது. உள்ளே முப்பது நிமிடம் பெரும்பாடாகவும் வெளியே ஒன்றரை மணி நேரம் போனதே தெரியாமலும் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். முதல் இரண்டு மாதம் வேகமானியைக் கழற்றிப் பையில் போடுங்கள். அளந்தே தீர வேண்டுமென்றால் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தீர்கள் என்பதை மட்டும் எழுதி வையுங்கள்.

கேள்வி: வயது 41. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனதோடு சரி. கணவர் வாங்கிய ட்ரெயினரில் ஓராண்டாக மிதிக்கிறேன். வெளியே ஓட்ட ஆசைதான்; ஆனால் தெருவில் ஆச்சிமார்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார்களே என்ற கூச்சம் விடுவதில்லை. (ஆசிரியை, பள்ளத்தூர்)

பதில்: அம்மா, இந்தக் கூச்சத்தை நம் பக்கத்துப் பெண்கள் ஒருமுறை கூட்டமாகவே கடந்திருக்கிறார்கள். செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. கல் குவாரியில் வேலை பார்த்தவர்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. உங்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அன்றைக்கு அப்படிப் பழகியவராகவே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

செய்முறை என்று சொன்னால், உடற்பயிற்சிக்காகப் போகிறேன் என்ற எண்ணத்தையே முதலில் விட்டுவிடுங்கள். பால் வாங்க, பூ வாங்க, அடுத்த தெருவில் இருக்கும் அப்பத்தாவைப் பார்க்கச் சைக்கிளில் போங்கள். வேலையாகப் போகிறவரை ஊர் இரண்டு நாள்தான் வேடிக்கை பார்க்கும். சுடிதார் அணிந்தால் துப்பட்டாவை முடிச்சிட்டு, வலது காலின் பேண்ட் துணி சங்கிலியில் சிக்காதபடி ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரெயினர் உங்கள் காலுக்கு வலு கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு கையை விட்டுச் சைகை காட்டுவதையோ, பின்னால் திரும்பிப் பார்த்தபடி நேராக ஓட்டுவதையோ, சட்டென்று பிரேக் பிடிப்பதையோ அது கற்றுத் தந்திருக்காது. பள்ளி விடுமுறை நாளில் காலி மைதானத்தில் நான்கு காலை அவற்றைப் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.

கேள்வி: ஆடி மாதக் காற்றில் ஓட்டவே முடியவில்லை. இந்த மூன்று மாதமும் உள்ளே இருப்பதுதானே அறிவுடைமை? (கோட்டையூர்)

பதில்: காற்றின் திசையைத் தெரிந்துகொண்டால் ஆடியைப் போல நல்ல மாதம் இல்லை என்பேன். தென்மேற்குப் பருவக்காலத்தில் நமக்குக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் மேற்கே இருப்பதால், அந்தப் பக்கம் போனால் புதுத் தெம்போடு இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது பின்காற்று. இதையே தலைகீழாகச் செய்து, கிழக்கே பறந்துபோய்விட்டுத் திரும்பும்போது அழுதவர்கள்தான் காற்றைத் திட்டுகிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 15 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வந்தால், உடல் சந்திப்பது 35 கிலோமீட்டர் வேகக் காற்றை. தடை ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த நேரத்தில் கியரை இறக்கி, மிதிக்கும் வேகத்தை மாற்றாமல், வண்டி மெல்லப் போவதைப் பொறுத்துக்கொள்வதே சரி. விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியே இருக்கும், வெயில் ஏற ஏறத்தான் அதற்கு வேகம் வரும்.

உண்மையில் உள்ளே இருக்க வேண்டிய காலம் என்று நான் கருதுவது ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மின்னலுமாகப் பெய்யும் நாள்களையும், அக்கினி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கு மேற்பட்ட நேரத்தையும்தான். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி வழியாகப் போகும் நாள்களிலும் அந்தச் சாலையை அவர்களுக்கே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: இரண்டு முறை வெளியே போனேன், இரண்டு முறையும் பஞ்சர். கருவேல முள்ளுக்குப் பயந்தே உள்ளே மிதிக்கிறேன். (கானாடுகாத்தான்)

பதில்: கண்மாய்க் கரையெல்லாம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் ஊரில் இது நியாயமான பயம். சாலையோரத்து மரத்தை வெட்டிய அடுத்த சில நாள்களுக்கு முள் ஓரத்திலேயே கிடக்கும். ஆகவே தாரின் விளிம்பை ஒட்டி ஓட்டாமல் ஒரு முழம் உள்ளே தள்ளி ஓட்டுங்கள். மெல்லிய பந்தய டயரைவிட 32 மில்லிமீட்டர் அகலமும் உள்ளே காப்புப் பட்டையும் உள்ள டயர் நம் சாலைக்குப் பொருந்தும். டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் பசைத் திரவம் ஊற்றியிருந்தால், நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

புது டியூப் போட்ட அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடியும் பஞ்சர் ஆகிறதென்றால், பழைய முள் டயரிலேயே குத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் தடவிப் பார்த்து முள்ளை எடுத்த பிறகே டியூபை மாட்டுங்கள். இந்த வேலையை நடுச்சாலையில் முதன்முதலாகச் செய்யாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று முறை செய்து பழகுங்கள். சிறிய ஊர்ப் பஞ்சர் கடைகளின் பம்பு உங்கள் சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு (காற்றடிக்கும் குறுகிய வாய்க்கு) பெரும்பாலும் பொருந்தாது. பத்து ரூபாய்ப் பொருள்போலத் தோன்றும் அந்தச் சிறிய பித்தளை அடாப்டரை வால்விலேயே மாட்டி வையுங்கள்.

கேள்வி: நாய்கள்? (புதுவயல்)

பதில்: துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, அதற்கு முதுகு காட்டாமல் நடங்கள். பெரும்பாலானவை அதன் எல்லையைக் கடந்ததும் விட்டுவிடும். கடித்துவிட்டால், கீறல் சிறியதாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 63, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். மகன் சிங்கப்பூரிலிருந்து ட்ரெயினர் அனுப்பி, வெளியே போகவே கூடாது என்கிறான். எனக்கோ சுவரைப் பார்த்து மிதிப்பது சிறைபோல இருக்கிறது. (ஓய்வு பெற்றவர், தேவகோட்டை)

பதில்: ஐயா, மகனுடைய கவலையிலும் உண்மை இருக்கிறது, உங்கள் அலுப்பிலும் உண்மை இருக்கிறது. முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டு, ஓட்டும் நாளில் இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். உழைப்பால் சர்க்கரை இறங்குவது ஓட்டும்போது மட்டுமல்லாமல், பல மணி நேரம் கழித்தும் நேரலாம். கிளம்பும் முன் அளந்து பார்ப்பதும், சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருப்பதும் கட்டாயம். கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்தி, 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடியும் அளக்க வேண்டும். தனியாகப் போகாமல், ஊருணிக் கரையைச் சுற்றியே அரை மணி நேரம் ஓட்டலாம். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மகனும் இணங்குவார். தலை கனக்கும் நாளில் ட்ரெயினர் இருக்கவே இருக்கிறது.

கேள்வி: 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ள விரும்புகிறேன். ட்ரெயினர் பயிற்சி மட்டும் போதுமா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: போதாது. ஆடாக்ஸ் எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்ட முறையில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் உண்ணும் நேரமும் அதில் அடக்கம். வலுவைக் கூட்டும் குறுகிய, கடுமையான பயிற்சிக்கு ட்ரெயினர் சாலையைவிடச் சிறந்தது என்பதை நானே ஒப்புக்கொள்வேன். அங்கே சிக்னலும் இல்லை, பேருந்தும் இல்லை. ஆனால் ஆறாவது மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போவதையும், வெயிலில் எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும் என்பதையும், இட்லி ஒத்துக்கொள்கிறதா பொங்கல் ஒத்துக்கொள்கிறதா என்பதையும் அறைக்குள் அறிய முடியாது. வாரத்தில் இரண்டு நாள் உள்ளே கடுமையாகவும், ஞாயிறன்று வெளியே நீண்ட நேரம் மெதுவாகவும் ஓட்டுங்கள். கானாடுகாத்தான் வழியாகத் திருமயம் போய், சேதுபதி மன்னர் 1687இல் கட்டிய கோட்டையின் நிழலில் காலைச் சிற்றுண்டியை முடித்துத் திரும்பினால் 45 கிலோமீட்டர் ஆகும். அதிலிருந்து மாதத்துக்கு 25 கிலோமீட்டர் என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

கேள்வி: எல்லாம் சரி, நாளைக் காலையே போவதென்றால் முதல் நாள் எங்கே போகட்டும்? (முதலில் கேட்ட அதே வங்கி அலுவலர்)

பதில்: குன்றக்குடிகூட வேண்டாம், அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு அரியக்குடி வரை போங்கள், நான்கைந்து கிலோமீட்டர்தான். பெருமாள் கோயில் வாசலில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். முன்விளக்கையும் பின்விளக்கையும் இன்றிரவே சார்ஜில் போட்டுவிடுங்கள். தை மாதத்தில் ஆறரை மணிக்குப் பிறகுதான் சூரியன் வருகிறது.